அத்தைக்கு ஒரு மைக்

மைக் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கட்சி?"

கட்சியெல்லாம் இல்லை, அத்தைக்கு என்றேன். "அவங்க பேசினா மூணு தெருவுக்குக் கேக்குதே, அவங்களுக்கு எதுக்கு மைக்?" என்றாள். நியாயமான கேள்வி.

விஷயம் இதுதான். என் அப்பாவின் அக்கா, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், வயது 76. தாலாட்டு, நலுங்கு, கும்மி, நடவு, ஒப்பாரி என்று தொட்டில் முதல் சுடுகாடு வரை சகல இலாகாவும் அவள் கையில். எதையும் எழுதி வைத்ததில்லை. பல் வலி என்று எங்கள் நங்கநல்லூர் வீட்டுக்கு வந்தாள். பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மிச்சமிருக்கிற ஒன்பதையும் எடுத்துவிட்டு செட்டு கட்டிவிடலாம் என்று இருபது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இனிமே பாட்டெல்லாம் காத்தாத்தான் வரும்" என்று ஆட்டோவில் வரும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. அப்பா 2019-ல் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த மனுஷர். அவர் குரல் என்று இன்று என்னிடம் இருப்பது மொத்தம் 11 விநாடி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா. காம்பு முத்திப் போயிருந்தா வேணாம்." பின்னாடி மிக்ஸி ஓடுகிறது. மிக்ஸியின் குரல் அப்பாவின் குரலைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அத்தை விஷயத்திலும் மிக்ஸி ஜெயித்துவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் பி.காம். எதையும் முதலில் பட்ஜெட்டாகத்தான் பார்க்க வரும். ஆர்.டி. முதிர்ந்து 20,000 ரூபாய் வந்திருந்தது. ஃப்ரிட்ஜுக்கு என்று ஒதுக்கிய தொகை. மனைவியின் அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் குழந்தைகளுக்கு அவள் ஆன்லைனில் தமிழ் சொல்லித் தருகிறாள். அதற்கும் அந்த மைக் ஆக வேண்டும். பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அதையும் பிடிக்க வேண்டும். ஆக, கிசுகிசுப்பாகப் பாடும் ஒரு கிழவி, உச்சரிப்பு பார்க்கும் ஒரு வாத்தியார், தோலை அடிக்கும் ஒரு பொடியன், மூன்று பேருக்கும் ஒரே மைக். வரன் பார்க்கும்போது படித்தவனாக, பணக்காரனாக, அடக்கமானவனாக, உள்ளூரிலேயே வேண்டும் என்பார்களே, அந்த மாதிரி.

சினிமாக்களுக்கு ஒலிப்பதிவு வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருவன் இருக்கிறான். "வாங்கறதுக்கு முன்னாடி இதை வச்சு எடுத்துப் பாரு மச்சான்" என்று தன் கண்டென்ஸர் மைக்கைப் பெட்டியோடு கொடுத்தான். பார்க்கவே மரியாதையாக இருந்தது. ரப்பர் கயிற்றில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. ஸ்டூடியோ படங்களில் பாடகர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதிரே நிற்பார்களே, அந்த ஜாதி.

அத்தையை ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இரண்டு அடி தள்ளி மைக். ஒரு நடவுப் பாட்டு பாடினாள். முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அசந்து போனேன். சீலிங் ஃபேன் இவ்வளவு அழகாகச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. மேல் வீட்டில் நாற்காலி நகர்கிறது. எதிர் வீட்டுக் குக்கர் இரண்டு விசில். "பழைய இரும்பு, பேப்பர்" வண்டிக்காரரின் ஒலிபெருக்கி. மீனம்பாக்கத்தில் இறங்கும் ஒரு விமானம், ஆரம்பம் முதல் முடிவு வரை. இத்தனைக்கும் பின்னால், ஏதோ கல்யாண மண்டபத்தில் யாரோ பாடுகிற மாதிரி அத்தை.

மைக் மேல் தப்பில்லை. அது நன்றாகக் கேட்டிருக்கிறது. எங்கள் வீடுதான் கேட்கும்படி இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம். பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் கணக்குப்பதிவியல் படித்தவன்தான், எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை. டைனமிக் என்பதில் ஒரு மெல்லிய தகடு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். சத்தம் பட்டுத் தகடு அசைந்தால் சுருள் அசைகிறது, மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கியைத் திருப்பிப் போட்டால் இதுதான். வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம், கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் சுருளையும் சேர்த்துச் சுமப்பதால் தகடு கொஞ்சம் சோம்பேறி. பக்கத்தில் வந்து பேசினால்தான் அசையும்.

கண்டென்ஸரில் சுருள் கிடையாது. தங்கம் பூசிய மெல்லிய சவ்வு ஒன்று, நூலிழை தள்ளி ஒரு தகடு. நடுவே இருக்கும் இடைவெளி மாறுவதைத்தான் அது அளக்கிறது. 1916-ல் அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வென்டே என்பவர் கண்டுபிடித்தது. இன்று இதற்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொசு தும்மினாலும் சொல்லும். குரலின் மேல் பகுதியில் உள்ள பளபளப்பு, மூச்சு, உதடு பிரியும் சத்தம் எல்லாம் இதில்தான் வரும். ஸ்டூடியோக்காரர்கள் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஸ்டூடியோவில் இரும்பு, பேப்பர் வண்டி வருவதில்லை.

(மைக்கே இல்லாமலும் பதிவு செய்திருக்கிறார்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது பெரிய குழாய் ஒன்றின் வாய்க்குள் கத்தித்தான் பாட வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தின் பலத்திலேயே ஊசி மெழுகில் கோடு போடும். 1925-ல் மின்சாரப் பதிவு வந்த பிறகுதான் உலகத்தில் பாடகர்கள் மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். அத்தை இன்னும் 1902-ல்தான் இருக்கிறாள்.)

ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே கிடைக்காத மின்சாமான் உலகத்தில் இல்லை என்பார்கள். நிற்க இடம் மட்டும்தான் கிடைக்காது. ஒரு கடையில் வாயைத் திறப்பதற்குள் ஒரு யூ.எஸ்.பி. மைக்கை எடுத்து மேஜைமேல் வைத்து ஸ்விட்சைத் தட்டினார்கள். பச்சை, நீலம், ஊதா என்று எரிந்தது. "ஏழு கலர் மாறும் சார்." சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கலர் நிறுத்தியும் வைக்கலாம் சார்" என்றார்.

யூ.எஸ்.பி. மைக்கை நான் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் நேராகச் செருகலாம், வேறு சாமான் வேண்டாம். மனைவியின் வகுப்புக்கு மட்டும் என்றால் அதிலேயே நல்லதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் பெரும்பாலும் அவையும் கண்டென்ஸர்தான். ஃபேனும் விமானமும் இலவச இணைப்பு. நாளைக்கு நல்ல மைக்குக்கு மாறினாலும் எதையும் கூட எடுத்துப் போக முடியாது.

இன்னொரு கடைக்காரர் வேறு மாதிரி. நல்ல ஸ்டூடியோ கண்டென்ஸர் ஒன்றைக் காட்டி, "இதோட சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான் சார், உலகத்துலயே அமைதியான மைக்குகள்ல ஒண்ணு" என்றார். ரோடு கம்பெனியின் என்.டி.1. அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் அமைதியே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு அமைதியான மைக் எதற்கு? வெள்ளி டம்ளரில் குழாய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

கடைசியில் என் மனசு போய் நின்றது ஒரு பழைய சரக்கில். ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.57. 1965-ல் வந்தது, அதிகம் மாறாமல் இன்றும் விற்கிறது. பார்க்க லட்சணம் கிடையாது. சைக்கிள் பம்பின் கைப்பிடி மாதிரி இருக்கும். எஸ்.எம். என்றால் 'ஸ்டூடியோ மைக்ரோஃபோன்' என்றே அர்த்தம். மேடைப் பாடகர்கள் கையில் பந்து தலையோடு பார்ப்பீர்களே, எஸ்.எம்.58, அது இதன் தம்பி, 1966. உள்ளே இருக்கிற சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்கூண்டில்தான் முக்கிய வித்தியாசம். லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேஜையில் நிற்பது இந்த 57. அதே மைக்கைத்தான் உலகம் முழுக்க டிரம் மேலும், கிடார் ஒலிபெருக்கி முன்னாலும் வைக்கிறார்கள். ஜனாதிபதிக்கும் தோல் வாத்தியத்துக்கும் ஒத்துப்போகிறது என்றால் அத்தைக்கும் பையனுக்கும் ஒத்துப்போகாதா?

மைக்கேல் ஜாக்சனின் 1982 'த்ரில்லர்' ஆல்பத்துக்குக் குரல் எடுத்ததும் இதே குடும்பத்து டைனமிக்தான், எஸ்.எம்.7. அதன் இன்றைய வாரிசு என் பட்ஜெட்டுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனது.

57-ன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 40 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 வரைதான் கேட்கும். கண்டென்ஸர்கள் 20,000 வரை போகும். அந்தப் பளபளப்பு இதில் வராது. வீணையின் நுணுக்கம் வேண்டும், வீடும் அமைதியான இடத்தில் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கண்டென்ஸர் வாங்குங்கள். இரண்டாவது, இதன் சத்தம் ரொம்பச் சன்னமானது. அதைத் தூக்கிக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் புரோக்கர். சில மலிவான புரோக்கர்கள், தூக்கச் சொன்னால் கூடவே 'உஸ்ஸ்' என்று இரைச்சலையும் தூக்குவார்கள். 60 டெசிபலையாவது நெருங்கித் தூக்கக்கூடியதாகப் பாருங்கள் என்று நண்பன் சொன்னது வேதவாக்கு.

ஒரு கடையில் அதே 57-ஐப் பாதி விலைக்குக் காட்டினார்கள். "ஒரிஜினல் மாதிரியே இருக்கும் சார்." அந்த 'மாதிரியே'யில்தான் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. இந்த இரண்டு மைக்குகளுக்கும் உலகமெங்கும் போலிகள் உண்டு. பெட்டி, எழுத்து, எடை எல்லாம் அச்சு அசலாக இருக்கும், சத்தத்தைத் தவிர. பில் போட்டு, வாரண்டி கார்டு கொடுக்கும் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினேன்.

கணக்கு இதோ. மைக் சுமார் 11,000. இன்டர்ஃபேஸ் சுமார் 5,500. ஸ்டாண்ட் 1,300. கேபிள் 700. மைக் தலைக்கு ஸ்பாஞ்ச் தொப்பி 400. மொத்தம் 18,900, ஜி.எஸ்.டி. உட்பட. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், மைக் வாங்குகிற செலவில் பாதியை நெருங்கி மைக் அல்லாத சாமான்களுக்குப் போகும் என்பது. 20,000-க்கும் மைக்கே வாங்கிவிட்டு, கேபிள் இல்லாமல் அதை ஷோகேஸில் வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

மீதி 1,100-க்கு மனைவி ஃப்ரிட்ஜுக்கு ஒரு கவர் வாங்கினாள். பழைய ஃப்ரிட்ஜுக்கு.

சரி, மைக் வந்துவிட்டது. எங்கே வைப்பது? இதில்தான் காசு செலவழிக்காமல் நிறைய ஜெயிக்கலாம். மைக்குக்கும் வாய்க்கும் இருக்கும் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். இரண்டு அடியிலிருந்து ஒரு அடி, ஒரு அடியிலிருந்து அரை, அரையிலிருந்து மூன்று அங்குலம். மூன்று பாதி, 18 டெசிபல். ஃபேன் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அது ஏறவில்லை. இந்த லாபத்துக்கு வரி கிடையாது.

57 முன்பக்கம் கேட்பதைப் பின்பக்கம் கேட்காது. ஆகவே மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். அப்போது பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் மைக்கின் பார்வையில் படும். வெறும் சுவர் இருந்தால் எதிரொலி. பீரோவைத் திறந்து வைத்தேன். மனைவியின் பட்டும் காட்டனும் அடுக்கு அடுக்காக இருந்தன. பக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன். பாய் போட்டு அத்தையை அதற்கு முன்னால் உட்கார வைத்தேன். "இத்தனை சேலையா!" என்றாள் அத்தை. அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராமல் பார்த்துக்கொண்டேன்.

நேரம், விடியற்காலை நாலு மணி. அத்தை எப்போதும் விழிக்கும் நேரம்தான், எனக்குத்தான் கஷ்டம். ஃபேன் நிறுத்தியாயிற்று. விமானங்கள்கூடக் கொஞ்சம் இடைவெளி விட்டன.

ஆனால் அத்தை மைக் பக்கத்தில் வரமாட்டேன் என்கிறாள். இழுத்து இழுத்து வைக்கிறேன், பின்னால் சாய்கிறாள். "என்னாடா தம்பி, வாயில குச்சி ஐஸை நீட்டுற மாதிரி நீட்டுறே? பாடுறதுன்னா நாலு வயலு தள்ளி நிக்கறவளுக்குக் கேக்கணும்." நாலு வயல் தள்ளிக் கேட்கும்படி பாடவும் செய்தாள். இன்டர்ஃபேஸில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீழ் வீட்டு நாய் எழுந்துகொண்டது.

மூன்று தடவை முயற்சி செய்தேன். நாலாவது தடவை அலுத்துப் போய், "அத்தை, இது மைக்குன்னு நெனைக்காதீங்க. மடியில கெடக்குற புள்ளையோட காதுன்னு நெனச்சுக்குங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் அந்தச் சைக்கிள் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானாகவே முன்னால் குனிந்தாள். மூன்று அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி. கொஞ்சம் பக்கவாட்டில் வேறு. 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாமல் இருக்க நண்பன் சொல்லிக் கொடுத்த அதே கோணம். ஆறு பிள்ளை வளர்த்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தாலாட்டு பாடினாள். ஹெட்போனில் நான் கேட்டது இதுவரை கேட்காத அத்தை. வயல் குரல் இல்லை. கிட்ட வந்து பாடினால் இந்த மாதிரி மைக்கில் குரலின் அடிப்பகுதி கொஞ்சம் கனத்து வரும். ரேடியோக்காரர்களுக்குப் பிடித்த சமாச்சாரம். அந்தக் கனத்தில் திடீரென்று அப்பாவின் சாயல் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்த குரல். கொத்தமல்லி வாங்கிட்டு வா என்று சொன்ன குரல், மிக்ஸி இல்லாமல்.

தாலாட்டில் தாய்மாமன் சீர் வரும், தெரியுமல்லவா? மாமன் அடித்தானா, மாமன் என்ன கொண்டுவந்தான் என்று. அத்தையின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் யார்? என் அப்பா. பாட்டில் அவர் பெயரே வந்தது. வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்தார், தங்கச் சங்கிலி கொண்டுவந்தார், ஒரு இடத்தில் யானை மேலேயே வந்துவிட்டார். கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க்காக இருந்த என் அப்பா யாருக்கும் வெள்ளிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்ததாகக் கணக்கில் இல்லை. நான் சரிபார்க்கப் போவதும் இல்லை.

அன்றிலிருந்து பல் டாக்டர் தேதி வரை தினமும் நாலு மணிக்கு உட்கார்ந்தோம். 31 பாட்டுகள். மனைவியின் வகுப்பில் "மிஸ், இன்னிக்கு உங்க வாய்ஸ் நல்லா இருக்கு" என்று ஒரு சிங்கப்பூர்ப் பொடியன் சொன்னதிலிருந்து மைக் பற்றிப் புகார் இல்லை. மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறோம். இடது பக்கம் கொஞ்சம் அடக்கமாகத்தான் வருகிறது, பையன் வாசிப்புக்கு அது ஒரு வகையில் நல்லது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இருந்தால் ஒன்று சொல்கிறேன். நான் வாங்கின மாதிரி வாங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. ஃபேனை நிறுத்தி, மொபைலைக் கிட்ட வைத்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மைக் அப்புறம் வரட்டும்.

கடைசி நாள். எல்லாம் பாடியாயிற்று, ஒப்பாரி மட்டும் பாக்கி. கேட்டேன்.

"அதெல்லாம் நல்லா இருக்கற வீட்டுல வச்சுப் பாடக் கூடாதுடா. யாராச்சும் போனாத்தான்."

"ஒண்ணே ஒண்ணு அத்தை."

"வேணாம்." கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தாள். "இது எவ்வளவு சொன்னே?"

பாதி விலை சொன்னேன்.

"அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம். எத்தனை நாளைக்கு உழைக்கும்?"

"ஐம்பது வருஷம்கூட உழைக்கும் அத்தை. இதுல கெட்டுப்போக ஒண்ணும் கெடையாது."

"அப்ப சரி. நான் போறன்னிக்கு இதத் தூக்கிட்டு வா. எவ நல்லாப் பாடுறாளோ அவ வாய்கிட்ட நீட்டு. கிட்டக்க நீட்டு, எட்டக்க வச்சா எதிரொலிக்கும்னியே."

எழுந்து குளிக்கப் போய்விட்டாள். ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருந்தேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அதுவும் இருக்கிறது. ஒன்பது பல்லோடு, ரொம்பத் தெளிவாக.